பரீதாவின் பங்கு வேலி

உங்கள் வனசீவராசிகள் காரியாலயச் சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது. தெற்கே ஆற்றோரக் காடுகளில் தொடங்கி வடக்கே திரியாய்ப் பக்கக் காடுகள் வரை அதில் ஒரு பச்சைப் பட்டி ஓடும். அதன் மேல் 'யானை வழி' என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். கப்பல்துறைக்கு உட்பக்கம் ஓரிடத்தில் அந்தப் பட்டி கழுத்து மாதிரி ஒடுங்கிப்போகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சேர், அங்க காடே இல்லையே?" என்று கேட்பார்கள். நீங்களும் கேட்பீர்கள். உண்மைதான், அங்கே காடு இல்லை. கிண்ணியாக்காரரின் வயல்தான் இருக்கிறது.

பச்சை நிறம் அடித்துவிட்டால் பாதை வந்துவிடும் என்று தலைநகரத்தில் இருப்பவர்கள் நினைக்கலாம். நீங்கள் நினைக்கக்கூடாது. அந்தக் கழுத்துப் பகுதிக்கு ஊரில் புளியடி வட்டை என்று பெயர். ஒரு குளத்துத் தண்ணீரில் சேர்ந்து விளையும் வயல்களைத்தான் வட்டை என்கிறார்கள். விதைப்போடு வட்டையைச் சுற்றி மின்வேலி கட்டுவார்கள். அறுவடை முடிந்ததும் கட்டினவர்களே கம்பியைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதன் பிறகு யானைகள் தெற்குக் காட்டிலிருந்து வரும். அறுத்த வயலில் நின்று தாளைத் தின்னும், வட்டையைக் கடந்து துறைமுகப் பக்கத்துக் குளத்தடியில் கோடையைக் கழிக்கும், மழை தொடங்கும்போது அதே வழியால் திரும்பிவிடும். அவை போன பிறகு மறுபடி விதைப்பு, மறுபடி வேலி. இந்த ஒழுங்கை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வயல்காரர் மனம் வைத்துக் கம்பியைச் சுருட்டுகிற வரைக்கும்தான் அந்தப் பச்சைப் பட்டிக்கு அர்த்தம் உண்டு.

வேலிக்கும் அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. ஆளாளுக்கு ஒரு பங்கு. தன் வயலின் ஓரத்துக்கு எவ்வளவு நீளம் வருகிறதோ அவ்வளவு வேலி அவரவர் பொறுப்பு. கம்பு நடுவதும், கம்பியில் முட்டும் புல்லைச் செதுக்குவதும், மாலையில் சுவிச்சைப் போடுவதும் அவர்தான். இன்னொருவரின் பங்கில் வட்டை விதானைகூடக் கை வைக்கமாட்டார். விவசாயிகள் தாங்களே தெரிவு செய்த தலைவர் அவர், அவருக்கே அந்த உரிமை இல்லை. விதைத்த பிறகு ஒருவர் தன் பங்கைத் திறந்து, அதனால் உள்ளே மாடோ யானையோ வந்துவிட்டால், வட்டை முழுவதன் அழிவுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். பள்ளிவாசலில் வைத்துக் கேட்பார்கள். அந்த வெட்கத்துக்குப் பயந்தே யாரும் திறப்பதில்லை.

நான் சொல்லவந்தது அப்படித் திறந்த ஒருவரின் கதை.

அந்த வருடம் மழை முந்திவிடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். விதைப்புக்கு முன் நடக்கும் கூட்டத்தில் எல்லாத் திகதிகளையும் முன்னுக்கு இழுத்தார்கள். குளம் திறக்கும் நாள், விதைத்து முடிக்கும் நாள், மாடுகளை வட்டையைவிட்டு வெளியேற்றும் நாள், வேலி கட்டும் நாள். மாட்டுக்காரர் எழும்பி, "எங்களுக்குக் கொஞ்சம் தவணை வேணும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். யானைக்காக எழும்பிக் கேட்க ஆள் இல்லை. எங்கள் காரியாலயத்திலிருந்து போனவர் முன்வரிசைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். மழை வந்தால் யானை போய்விடும்தானே என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. திகதி மாறின செய்தி யானைக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

வேலி எழும்பியது. ஆறேழு பெண் யானைகளும் அந்தக் கோடையில் பிறந்த ஒரு குட்டியும் வட்டைக்கு வடக்கே, துறைமுகப் பக்கத்தில் மாட்டிக்கொண்டன. வடக்கே போவதென்றால் பெரிய ரோட்டையும் ரயில் பாதையையும் வீடுகளையும் தாண்ட வேண்டும். தனியே திரியும் ஆண் யானைகள் தாண்டும். குட்டியோடு நிற்கும் பெண் யானைகள் தாண்டாது. குளத்தடிப் புல் தீர்ந்ததும் அவை பாலையூற்று ஊருக்குப் பின்னாலுள்ள பற்றைக்காட்டுக்கு வந்துவிட்டன. யாருடைய வாழைத்தோட்டமோ போனது, ஒரு மதில் விழுந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பத் தாய்மார் பயந்தார்கள். அதில் பிழை சொல்ல முடியாது. நானும் பாலையூற்றுக்காரன்தான், என் வீட்டு வாசலிலும் சனம் வந்து நின்றது.

ஒரு நாள் காலை எனக்கு மேலிருந்தவர் தொலைபேசியில் சொன்னார்: "நாளைக்கு விடியத் துரத்துறம். ரோட்டை மறிச்சு, வெடி போட்டு, வடக்கால அனுப்புவம். ஆயத்தம் செய்யுங்கோ."

துரத்துவதென்றால் என்னவென்று உங்களில் பலர் இன்னும் பார்த்திருக்கமாட்டீர்கள். இரண்டு பக்கமும் சனம் கத்தும், வெடி வெடிக்கும், பெரிய யானைகள் ஓடும். குட்டி ஓடமாட்டாது. தாய் திரும்பி வரும். அந்த நேரத்தில் தாய்க்கு முன்னால் யார் நிற்கிறாரோ அவருடைய விதி. நான் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இன்னொன்று பார்க்க வேண்டாம் என்பதுதான் அன்றைக்கு என் மனதில் இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்குப் பொறுப்பாக ஒருவர் இருந்தார். சரியான முன்கோபி. வெடிப் பெட்டியைத் தன் ஆசனத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு யாருக்கும் கொடுக்கமாட்டார். "முதல் அது எந்தப் பக்கம் முகத்தை வைச்சுக்கொண்டு நிக்குது எண்டு பார். பிறகு வெடியைப் பற்றிக் கதை" என்பார். அன்றைக்கு அவர் நினைவு வந்தது. பற்றைக்காட்டு ஓரத்தில் போய்ப் பார்த்தேன். குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு எல்லாம் தெற்கே பார்த்தபடி நின்றன. தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அது நேரே புளியடி வட்டை வேலியில் போய் முடிந்தது. அங்கே கம்பிக்கு முன்னால் மண் உழுதமாதிரி மிதிபட்டுக் கிடந்தது. மாலையானால் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கின்றன. அவை தங்கள் வீட்டுக்குப் போகத்தான் நின்றன, நாங்கள்தான் துரத்த ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம்.

அந்த இடம் பரீதாவின் பங்கு.

என்னோடு வந்த உத்தியோகத்தர் வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேர், எங்களுக்கு அதிகாரம் இருக்குத்தானே. வெட்டிவிடுவம். பிறகு கட்டிக் குடுப்பம்." அவர் இப்போது பெரிய பதவியில் இருக்கிறார், பெயர் சொன்னால் வெட்கப்படுவார். அதிகாரம் இருந்ததுதான். ஆனால் இன்றைக்கு ஒரு பெண்ணின் வேலியை வெட்டினால், அடுத்த அறுவடைக்குப் பிறகு வட்டையில் ஒருவரும் கம்பியைச் சுருட்டமாட்டார்கள். சுருட்டென்று சொல்ல எங்களிடம் சட்டமும் இல்லை. ஒரு மாலைக்காக எல்லா வருடத்தையும் வெட்ட வேண்டிவரும். "முதல் அவவிட்டக் கேப்பம்" என்றேன்.

"இல்லையெண்டு சொன்னா?"

"இல்லையெண்டா இல்லைதான்."

பரீதாவின் வீடு வயலோரத்திலேயே இருந்தது. நாற்பது வயது மதிக்கலாம். முழங்கால் வரை சேறு, கையில் மண்வெட்டி. விறாந்தையில் அவருடைய கணவர் லாபிர் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். முந்தின வருடம் காவலுக்குப் போன இடத்தில் யானை தள்ளி, இடுப்பும் காலும் உடைந்த மனிதர். அதன் பிறகு வயல் செய்வது பரீதாதான். இது எனக்குத் தெரிந்தும் அந்த வாசலில் போய் நின்றேன்.

விசயத்தைச் சொன்னேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"சேர், என்ட வயலைப் பாத்திட்டு வந்தீங்களா?"

"ஓம் தங்கச்சி."

"பயிர் விரல் நீளம் வந்திரிக்கு. மறுபடி விதைக்க என்னட்ட நெல்லு இல்ல. ஆனை மிதிச்சா நட்டஈடு தருவீங்களா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் வாய் தானாகப் பொய் சொல்லப் பார்க்கும். 'மேலிடத்தில் கதைக்கிறேன்', 'எப்படியும் ஏதாவது செய்வோம்' என்றெல்லாம் வரும். யானை தானாக வந்து அழித்தால் விண்ணப்பிக்கலாம். நாங்களே வேலியைத் திறந்துவிட்டு அழிந்ததற்கு ஒன்றும் கிடைக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"இல்லை. கிடைக்காது. நாங்கள் திறக்கச் சொல்லித் திறந்தா ஒண்டும் தரமாட்டாங்கள்."

லாபிர் அப்போதுதான் வாய் திறந்தார். "பரீதா, எனக்கு அடிச்சது தனியன். இது குட்டியோட நிக்கிற கூட்டம். இதுகள் எனக்கு ஒண்டும் செய்யல்ல."

பரீதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒங்களுக்கு ஆனையோட உள்ள நியாயம் என்னோட இல்லையே. கால் ஒடஞ்சது ஒங்களுக்கு. வயல் போனா போறது எனக்கு. கதிரையில இரிந்துகொண்டு தருமம் பண்ணுறீங்க."

என் சக உத்தியோகத்தர் வாயைத் திறக்கப் பார்த்தார், அவருடைய காலை மிதித்தேன். அந்த நேரம் பார்த்து என் மனைவி தொலைபேசியில் வந்தார். "நீங்கள் அங்க வயலுக்க நிண்டு கதைச்சுக்கொண்டிருக்கிறியளாம். இஞ்ச சனம் எங்கட வாசல்ல நிண்டு என்னை ஏசுது. நான் என்னத்தைச் சொல்ல?" குரல் வெளியே கேட்டுவிட்டது. பரீதா என்னைப் பார்த்தார்.

"அது யார், ஒங்கட வீட்டிலயா?"

"ஓம்."

"அவவும் பயந்துகொண்டா இரிக்கா?"

"பின்னேரமானா வெளிய வாறதில்லை."

பரீதா மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். பிறகு சொன்னார்: "நான் தனிய இதைத் திறந்தா நான் குற்றவாளி. நாளைக்கு வேற ஆனை உள்ளுக்கு வந்தாலும் பரீதாதான். ஆனபடியா வட்டை முழுக்க இஞ்ச வரட்டும். திறக்க வேணாம் எண்டு சொல்ற ஆள் என்ட முகத்தப் பாத்துச் சொல்லட்டும். சரியெண்டு சொல்ற ஆள் நான் திறக்கக்குள்ள எனக்குப் பக்கத்தில நிக்கட்டும்."

வட்டை விதானை உமர்லெவ்வைக் காக்காவிடம் ஓடினேன். அவர் நண்பகல் லுகர் தொழுகை முடிந்த கையோடு பள்ளி ஒலிபெருக்கியில் சொல்லவைத்தார். வயல்காரர் வந்தார்கள். சைக்கிளில், மோட்டார்சைக்கிளில், நடந்து. வந்தவர்கள் அடுத்த நிமிடமே சத்தம் போடத் தொடங்கினார்கள். ஒருவர் எங்களைத் தாராளமாக ஏசினார், அதில் பாதி நியாயமாகத்தான் இருந்தது. "நீங்க கூட்டத்தில வாய் திறக்கல்ல. இப்ப ஒரு பொம்புளைர வயலைத் திறக்கச் சொல்றீங்க." "உண்மைதான்" என்றேன். அவர் இன்னும் ஏசுவதற்கு எடுத்த மூச்சை விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

சத்தம் நின்றது அதனால் அல்ல. பரீதாவுக்கு அடுத்த பங்குக்காரர் ஒருவர், அதிகம் கதைக்காதவர், எழும்பி, "என்ட வயலில பயிர் நெருக்கமா விழுந்திரிக்கு. எப்பிடியும் கொஞ்சம் பிடுங்கிவிடத்தான் வேணும். பிடுங்கிறதை அவவின்ட வயலில நடுவம்" என்றார். இன்னொருவர் தானும் என்றார். நடுவதற்கு ஆள் வேண்டுமே என்று ஒருவர் கேட்க, உமர்லெவ்வைக் காக்கா, "இஞ்ச நிக்கிற ஆக்கள் எல்லாம் ஆள்தானே" என்றார். எதிர்த்தவர்களில் இரண்டு பேர் எழும்பிப் போனார்கள். மற்றவர்கள் போகவில்லை.

எனக்கு மேலிருந்தவருக்கு எடுத்துச் சொன்னேன். "நாளைக்கு வேண்டாம். இண்டைக்குப் பின்னேரம் தாங்களாப் போகும்." "போகாட்டி?" என்றார். "போகாட்டி நான் எழுதித் தாறன், என்னால வந்த பிழை எண்டு." அவர் ஒரு பெருமூச்சு விட்டு வைத்துவிட்டார். பயமில்லாமல் சொன்னேன் என்று நினைக்காதீர்கள்.

வெயில் தாழ்ந்தபோது பரீதா சுவிச்சை நிறுத்தினார். கம்பியைத் தானே அவிழ்த்தார். வட்டையின் தெற்குப் பக்கத்தில் விதானை தன் பங்கைத் திறந்துவிட்டு வந்தார். சரியென்று சொன்னவர்கள் பக்கத்தில் நின்று கம்புகளைப் பிடுங்கினார்கள். பிறகு எல்லோரும் விலகிக் குளக்கட்டுக்குப் பின்னால் போய் நின்றோம். லாபிரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். வெளிச்சம் போடக்கூடாது, சத்தம் கூடாது, நாய்களைக் கட்டிவைக்க வேண்டும் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக, ஒருவர் மெல்லக் கேட்டார்: "சேர், மஃரிபுக்குப் பாங்கு சொல்லலாமா?" விதானை சிரித்தார். "ஆனைக்குப் பாங்கு புதுசா? வருசம் முழுக்கக் கேக்குதுகள்."

மாலைத் தொழுகைக்கான பாங்கு கேட்டது. அது ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் பற்றைக்குள்ளிருந்து அவை வந்தன. முன்னால் ஒரு கிழட்டுப் பெண் யானை. நேரே வேலி இருந்த இடத்துக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது.

கம்பி இல்லை. கம்பும் இல்லை. ஆனாலும் அது காலை எடுத்து வைக்கவில்லை. தும்பிக்கையை நீட்டி வெறும் காற்றைத் தடவிப் பார்த்துவிட்டுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. முன்பு பட்ட அடி அந்த இடத்தில் இன்னும் இருக்கிறதென்றே நினைத்தது. பின்னால் வந்தவையும் நின்றுவிட்டன. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. என் சக உத்தியோகத்தர் காதோடு சொன்னார்: "சேர், பின்னால ஒரே ஒரு வெடி. போயிடும்." அவரிடம் வெடி இருந்தது. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். வெடித்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்குத் தெரியும்? எங்களுக்குப் பின்னால் கதிரையில் எழும்ப முடியாத ஒரு மனிதர் இருந்தார்.

கிழட்டு யானை திரும்பியது. போய்விடப்போகிறது என்று நினைத்தேன். பரீதா வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

அப்போது குட்டி தாயின் காலுக்கிடையிலிருந்து வெளியே வந்தது. அந்தக் கோடையில் இந்தப் பக்கம் பிறந்த குட்டி, அதற்குப் பழைய வழியும் தெரியாது, கம்பியின் அடியும் தெரியாது. வயலில் தண்ணீரைக் கண்டது. நேரே நடந்து போய்ச் சேற்றுக்குள் இறங்கிக் குப்புற விழுந்தது. தாய் ஓர் உறுமல் உறுமிவிட்டுப் பின்னால் இறங்கியது. பிறகு கிழட்டு யானை. பிறகு எல்லாம். ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே தடத்தில், பரீதாவின் பயிரை மிதித்துக்கொண்டு, வயல்களுக்கு நடுவே போகும் வண்டிப் பாதையில் ஏறி, தெற்கே விதானையின் பங்கை அவர் திறந்து வைத்திருந்த வழியால் காட்டுக்குள் போய்விட்டன.

யாரும் கைதட்டவில்லை. லாபிர் மட்டும், "அவன் இதில இல்ல" என்றார். தன்னை அடித்த தனியனைச் சொன்னார். இவ்வளவு நேரமும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். பரீதா அவருடைய தோளில் கை வைத்தார். பிறகு வயலுக்குள் இறங்கி மிதிபட்ட இடத்தைப் பார்க்கப் போனார். பெரிய பெரிய குழிகள், அதற்குள் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது. அவர் அங்கே குந்தியிருந்து அழுதார். நல்லது நடந்தது என்று சொல்லி அந்தக் கண்ணீரை இல்லாமல் செய்துவிடாதீர்கள். அது அவருடைய பயிர்.

நடுவதற்கு வந்தார்களா என்று கேட்பீர்கள். வந்தார்கள். சரியென்று சொன்ன எல்லோரும் வரவில்லை, ஆனால் எழும்பிப் போன இரண்டு பேரில் ஒருவர் வந்தார். விளைச்சல் மற்ற வருடங்களைவிடக் குறைவுதான். ஆனாலும் பரீதா அறுவடை முடிந்ததும் தன் பங்குக் கம்பியைச் சுருட்டினார். அவர் சுருட்டினதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் சுருட்டினார்கள்.

நான் ஓய்வு பெற்ற வருடத்து விதைப்புக் கூட்டத்தோடு இதை முடித்துவிடுகிறேன். இந்தத் தடவை யானைக்காக எழும்பிக் கதைக்க வேண்டும் என்று இரண்டு நாளாக மனதுக்குள் பேச்சுத் தயாரித்திருந்தேன். வேலி கட்டும் திகதியைத் தள்ளிப்போடக் கேட்க வேண்டும், எதிர்ப்பு வரும், என்ன சொல்வது, எப்படிச் சொல்வது. போகிற வழியில் ஜீப் நின்றுவிட்டது. அந்த ஜீப்பை உங்களுக்கும் தந்திருப்பார்கள், அனுபவியுங்கள். வியர்க்க விறுவிறுக்க நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. எங்கள் காரியாலயத்திலிருந்து வேறு ஒருவரும் வரவில்லை.

"காக்கா, வேலித் திகதி என்னெண்டு போட்டீங்கள்?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"திகதி போடல்ல சேர்" என்றார் உமர்லெவ்வைக் காக்கா. "பரீதா சொல்லக்குள்ள கட்டுறது எண்டு முடிவு. இரிங்க, தேத்தண்ணி குடிங்க."

குடிக்காமல் நேரே பரீதாவின் வீட்டுக்குப் போனேன். வானம் கறுத்திருந்தது. வட்டை முழுக்க உழுது, விதைநெல்லை ஊறப்போடாமல் காத்திருந்தார்கள். விறாந்தையில் லாபிரின் கதிரைக்குக் கீழே அவர்களுடைய பங்குக் கம்பி சுருட்டினபடியே கிடந்தது. பரீதா கையைக் கண்ணுக்கு மேலே வைத்து வடக்கே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன தங்கச்சி, மழை வரப்போகுது. இன்னும் வேலி கட்டல்லையா?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"கொஞ்சம் பொறுங்க சேர்" என்றார். "இன்னும் ரெண்டு பேர் போகக் கிடக்கு."